முகம் காட்டாத பல்வலி

என் மகளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது, இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பால்பல் ஒன்று சொத்தையாகி வேர் வரை போய்விட்டது. பக்கத்து நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் மரத்துப்போக ஊசி போட்டு, சிறிது நேரம் காத்திருந்து, பல்லைக் குடையத் தொடங்கினார். மகளின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "சமர்த்துப் பிள்ளை டீச்சர். பெரியவங்களே இவ்வளவு அமைதியா உட்கார மாட்டாங்க" என்று ஆசிரியையான என்னிடம் அவர் மனமாரப் பாராட்டினார். நானும் பெருமையோடுதான் நின்றிருந்தேன். ஏதோ ஒரு கணத்தில் என் பார்வை கீழே போனது. பாவாடை விளிம்புக்குக் கீழே தெரிந்த இரண்டு பாதங்களிலும் விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகி, நகங்கள் வெளுத்துப் போயிருந்தன. நிறுத்தச் சொல்லிவிட்டு அவளுடைய மூடிய கையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் நான்கு நகத் தடங்கள் பதிந்திருந்தன. ஊசி சரியாக ஏறவே இல்லை. அவள் முழு வலியையும் விழித்துக்கொண்டே தாங்கியிருந்தாள்.

அந்த நாளுக்குப் பிறகு எட்டு மாதங்கள் அவள் எந்த மருத்துவரிடமும் வாயைத் திறக்கவில்லை. அந்த எட்டு மாதங்களில் இன்னும் மூன்று பற்கள் சொத்தையாயின. இன்று அவளுக்குப் பதினான்கு வயது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்டதை, முகத் தசைகள் அசையாத இதே நிலையில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்காகவும், இப்படி ஒரு பிள்ளையை முதல்முறையாகத் தம் நாற்காலியில் காணப்போகும் பல் மருத்துவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அவளுக்கு இருப்பது மோபியஸ் சிண்ட்ரோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து நரம்பியல் மருத்துவர் பால் யூலியஸ் மோபியஸ் 1888-ஆம் ஆண்டில் இதை விவரித்ததால் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஆறாவதும் ஏழாவதும் கருவிலேயே சரியாக வளராமல் போவதுதான் இதன் அடிப்படை. ஆறாவது நரம்பு கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்புவது. ஏழாவது முகபாவத்தைக் காட்டும் தசைகளை இயக்குவது. ஆகையால் இப்பிள்ளைகளால் சிரிக்கவோ, முகத்தைச் சுளிக்கவோ, உதடுகளைக் குவிக்கவோ, கண்களை முழுமையாக மூடவோ முடிவதில்லை. சிலருக்கு நாக்கை அசைக்கும் நரம்பும் பாதிக்கப்படுகிறது. கீழ்த்தாடை சிறுத்தும், வாய்த் திறப்பு குறுகியும், மேலண்ணம் உயர்ந்தும் இருப்பது உண்டு. வயது கூடக்கூட இது முற்றிப் போகும் நோய் அன்று. பிறக்கும்போது இருந்த அளவிலேயே நிற்கும். நான் கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று உறவினர்கள் சொன்னதைப் பல ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தவள் என்ற முறையில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, குடும்பத்தில் முன்பு எவருக்கும் இல்லாமலேயே இது வருகிறது.

பல் தொடர்பாக இதில் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எனக்கு அது புரியவே ஏழு ஆண்டுகள் ஆயின. முகத்தை அசைப்பது ஏழாவது நரம்பு என்றால், பல்லிலும் ஈறிலும் வலியை உணர்வது ஐந்தாவது நரம்பு. மெல்லும் தசைகளை இயக்குவதும் அதுதான். என் மகளுக்கு அந்த ஐந்தாவது நரம்பு நன்றாகவே இருக்கிறது. அதாவது மற்றப் பிள்ளைகளுக்கு வலிப்பது போலவே அவளுக்கும் வலிக்கும். அந்த வலியை வெளியே சொல்லும் முகம் மட்டும் இல்லை. பல் மருத்துவர்கள் எவராக இருந்தாலும், கை வாயில் இருக்கும்போது கண் நோயாளியின் புருவத்தில்தான் இருக்கும். புருவம் நெரிந்தால் நிறுத்துவார்கள். வாயில் கருவி இருக்கும்போது பேச முடியாத நோயாளிக்குப் புருவமே மொழி. அந்த மொழி இல்லாத பிள்ளையிடம் அனுபவமுள்ள மருத்துவரும் ஏமாந்து போவார். அன்று எங்களுக்கு நடந்ததும் அதுதான். அவர் கவனமில்லாதவர் அல்லர். சீழ் கோத்த இடத்தில் மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது என்பது அவருக்கும் தெரியும். அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய முகம்தான் அவருக்குக் கிடைக்கவில்லை.

இனி, பற்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டன என்பதைச் சொல்ல வேண்டும். பிறந்தபோது அவளால் உறிஞ்ச முடியவில்லை. பாலைப் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் ஊற்றி, சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். என் மாமியார் தம் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த வெள்ளிப் பாலாடை அது. நான்கு பிள்ளைகளுக்கு மருந்து புகட்டியது. ஒரு வேளைப் பால் புகட்ட முக்கால் மணி நேரம் ஆகும், அதிலும் பாதி கடைவாய் வழியாக வெளியே வந்துவிடும். எடை ஏறவில்லை என்ற கவலையில், ஒரு வயதுக்குப் பிறகு பாலில் சர்க்கரையும் கஞ்சியில் வெல்லமும் சேர்த்தோம். இரவில் அழுதால் மறுபடியும் புகட்டினோம். எடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பல்லைப் பார்க்கத் தோன்றவில்லை.

மெல்லும்போது சோறு பல்லுக்கு வெளியே நழுவிக் கன்னத்துக்குள் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். கன்னத்துத் தசை உடனே இறுகி அதைப் பல்லின் மேல் தள்ளிவிடும். மிச்சத்தை நாக்கு துழாவி எடுத்துவிடும். நாம் நினைக்காமலேயே நாள் முழுவதும் நடக்கிற துப்புரவுப் பணி இது. என் மகளின் கன்னத்துக்கு அந்த வேலை தெரியாது. அவளுடைய நாக்கின் நுனி கடைசிப் பல் வரை எட்டாது. போன சோறு அங்கேயே தங்கிவிடும். அவளுடைய அப்பாயி வெற்றிலை போட்டுப் புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வது போல, என் பிள்ளையின் கன்னத்தில் சோறு அதங்கிக் கிடந்தது. அவர் விரும்பி அதக்கினார். இவளுக்கு அங்கே ஒன்று இருப்பதே சில நேரம் தெரியாது.

இதை நான் கண்டுபிடித்தது ஒரு மாசி மாத இரவில். உளுந்து அறுப்புக்கு ஆள் வந்திருந்ததால் அன்று வீட்டில் மதியம் வடை போட்டிருந்தோம். இரவு பத்து மணிக்கு, தூங்கிக்கொண்டிருந்தவளின் வாய் நாறுகிறதே என்று சுண்டுவிரலில் ஈரத் துணியைச் சுற்றிக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விட்டுப் பார்த்தேன். மதியம் தின்ற வடை, அரை நெல்லிக்காய் அளவுக்கு, ஊறிப் புளித்து வந்தது. இன்னொரு பக்கம் விட்டேன், அங்கும் இருந்தது. ஒன்பது மணி நேரம் அது அந்தப் பற்களின் மேல் ஒட்டிக் கிடந்திருக்கிறது. காலையும் மாலையும் தவறாமல் பல் துலக்கிய பிள்ளையின் பற்கள் ஏன் சொத்தையாகின்றன என்று மருத்துவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை என் விரல் நுனியில் இருந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதைத் தின்றாலும், ஒரே ஒரு பிஸ்கட்டாக இருந்தாலும், தின்றவுடன் இரண்டு மடக்குத் தண்ணீர். அதன்பின் கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியை விரலில் சுற்றி, மேல் கன்னம் இரண்டு, கீழ்க் கன்னம் இரண்டு, உதட்டுக்கும் முன்பல்லுக்கும் இடையே மேலும் கீழும் என்று ஆறு இடங்களில் ஒரு துழாவு. முழுவதுக்கும் ஒரு நிமிடம் கூட ஆகாது. எட்டு வயதுக்குப் பிறகு அதை அவளே செய்துகொள்கிறாள். பள்ளியில் மதிய உணவுக்குப் பின் கைகழுவும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று முதலில் கூசினாள். அவளுடைய வகுப்பாசிரியை ஆசிரியர் அறைக்குள் வந்து செய்துகொள்ள அனுமதித்தார். அந்தச் சிறு அனுமதி எத்தனை பற்களைக் காத்திருக்கிறது என்பதை அந்த அம்மையார் அறிந்திருப்பாரோ என்னவோ.

பல் துலக்குவதிலும் நாங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை பல இருந்தன. உதடு குவியாத பிள்ளையால் கொப்பளித்துத் துப்ப முடியாது. நுரை தொண்டைக்குப் போனால் புரையேறும். ஆகவே பேஸ்ட் மிகக் குறைவாக இருக்க வேண்டும். பொதுவாக மூன்று வயது வரை அரிசிமணி அளவும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவும் சொல்வார்கள். எங்கள் மருத்துவர் இவளுக்கு ஏழு வயது வரையிலும் அரிசிமணி அளவிலேயே நிறுத்தி வைத்தார். ஆனால் சொத்தையைத் தடுக்கும் மருந்தான புளோரைடு இல்லாத பேஸ்டுக்கு மாற வேண்டாம் என்றும், 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவு புளோரைடு உள்ளதையே பயன்படுத்த வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். விழுங்கிவிடுகிறாளே என்ற பயத்தில் நான் இரண்டு ஆண்டுகள் புளோரைடே இல்லாத பேஸ்டைப் பயன்படுத்தியிருந்தேன். அது தவறு. அளவைக் குறைப்பதுதான் சரியான வழி, மருந்தை நிறுத்துவது அன்று. பிரஷ் கைக்குழந்தைக்கு விற்பதுதான்; பதினான்கு வயதிலும் அதுவே அவள் வாய்க்குள் கடைசிப் பல் வரை போகிறது. சிறுமியாக இருந்தபோது நான் பின்னால் நின்று அவள் தலையை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, இடக்கை ஆள்காட்டி விரலால் கன்னத்தை வெளிப்பக்கமாக ஒதுக்கித் துலக்குவேன். கன்னத்தை விரலால் ஒதுக்கினால்தான் பிரஷுக்கு இடம் கிடைக்கும். முடிந்ததும் தலையைக் குனியச் செய்தால் நுரை தானாக வடிந்துவிடும். மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

மேல் முன்பற்களின் ஈறு அவளுக்கு எப்போதும் சிவந்து தடித்திருந்தது. தூங்கும்போதும் உதடுகள் மூடாததால் அந்த இடம் இரவெல்லாம் காற்றில் காய்ந்துபோவதே காரணம். படுக்கும்முன் உதட்டில் வாசலின் தடவுவதும், விழித்தவுடன் முதல் வேலையாக ஈரத் துணியால் அந்த ஈறை ஒற்றியெடுப்பதும் ஓரளவு பயன் தந்தன, முழுமையாகத் தீரவில்லை.

மருந்துச் சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அடிக்கடி புரையேறி நெஞ்சுச் சளி பிடித்ததால், ஆண்டில் பாதி நாள் அவளுக்கு ஏதாவது ஒரு சிரப் இருக்கும். இருமல் சிரப், இரும்புச் சத்துச் சிரப், ஆன்டிபயாட்டிக் சிரப் எல்லாமே இனிப்பு. பல் துலக்கிப் படுக்க வைத்துவிட்டு, கடைசியாக ஒரு மூடி சிரப் கொடுப்பேன். அந்தப் பாகு விடியும் வரை அதே கன்னத்தில் தேங்கியிருந்தது என்பது பின்னால்தான் உறைத்தது. இப்போது மருந்தெல்லாம் துலக்குவதற்கு முன்னால். சர்க்கரை சேர்க்காத மருந்தோ, பொடித்துக் கொடுக்கத் தக்க மாத்திரையோ உண்டா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்கவும் பழகிக்கொண்டேன். பல நேரங்களில் இருந்தது. நான் கேட்காதவரை எவரும் சொல்லவில்லை.

அந்த எட்டு மாத மௌனத்துக்குப் பிறகு, உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில் குழந்தைகளுக்கான பல் மருத்துவம் படித்த ஒரு பெண் மருத்துவரைக் கும்பகோணத்தில் சந்தித்தோம். முதல் நாள் அவர் வாயைப் பார்க்கவே இல்லை. மகளைத் தம் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவளுக்கு வலிச்சா உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" அதுவரை பதினோரு மருத்துவர்களைப் பார்த்திருக்கிறோம், எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் யோசித்து யோசித்துச் சொன்னேன்: கால் விரல் மடங்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள், காதைப் பிடித்து இழுப்பாள், குளிர்ந்த தண்ணீரை ஒதுக்குவாள், ஒரே பக்கமாக மெல்லுவாள், நடு இரவில் காரணமில்லாமல் எழுந்து உட்காருவாள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு மகளிடம் திரும்பி, "உன் முகம் எனக்குச் சொல்லாது தங்கம். அதனால உன் கை எனக்குச் சொல்லணும். சொல்லுவியா?" என்று கேட்டார்.

அவர் கற்பித்த முறை இது. சிகிச்சையின்போது இடக்கை வயிற்றின் மேல் இருக்கும். ஒரு விரல் நீட்டினால் ஏதோ உணர்கிறது, ஆனால் பரவாயில்லை என்று பொருள். மூன்று விரல் என்றால் வலிக்கிறது. கையை முழுதாகத் தூக்கினால் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அந்தக் கணமே நிறுத்தியாக வேண்டும். இடக்கை ஏன் என்றால், மருத்துவர் பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பார், தூக்கிய கை கருவியில் இடிக்காது. இதை மருத்துவமனையில் முதல்முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பயத்தில் மறந்துவிடும் என்பதால் வீட்டில் பழகச் சொன்னார். நான் அவளுக்குத் தலை பின்னும்போது பழக்கினேன். சிக்கெடுக்கும்போது சீப்பு இழுத்தால் ஒரு விரல், மூன்று விரல், முழுக்கை. முழுக்கை தூக்கினால், பள்ளிக்கு நேரமாகிவிட்டாலும் நான் சீப்பைக் கீழே வைத்துவிடுவேன். கை தூக்கினால் உண்மையாகவே நிறுத்துவார்கள் என்று அந்தப் பிள்ளை நம்புவதற்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த நம்பிக்கை இல்லாமல் சைகையால் பயன் இல்லை. ஒருமுறை கை தூக்கியும் "இதோ முடிஞ்சிருச்சு, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று தொடர்ந்துவிட்டால், அடுத்த முறை அவள் கை எழாது.

சொத்தையான நான்கு பால்பற்களில் இரண்டுக்கு அவர் குடையவே இல்லை. 38 விழுக்காடு சில்வர் டைஅமைன் புளோரைடு என்ற மருந்தைச் சிறு பிரஷால் தொட்டு வைத்தார். சொத்தை அப்படியே இறுகி நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கருத்துப்போகும் என்று முன்கூட்டியே சொல்லி எங்கள் ஒப்புதலைப் பெற்றார். கடைவாய்ப் பல்தானே, கருத்தால் என்ன என்று ஒப்புக்கொண்டோம். மூன்றாவது பல்லுக்கு, ஊசியும் குடைதலும் இல்லாமல், பல்லின் மேல் அப்படியே எஃகுத் தொப்பி ஒன்றைப் பொருத்தி ஒட்டிவிட்டார். ஹால் முறை என்று அதற்குப் பெயர். அந்தப் பழைய பல்லை மட்டும் பிடுங்க வேண்டியதாயிற்று. முகத்தால் வலியைச் சொல்ல முடியாத பிள்ளைக்கு, வலியே இல்லாத சிகிச்சை முறை ஒன்று இருக்குமானால் அதைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏழு வயது வரை இப்படியும் வழிகள் உண்டு என்று அறியாமலேயே இருந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மயக்க மருந்து கொடுத்து எல்லாப் பற்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று முன்பு ஓரிடத்தில் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது, தேவையானால் செய்யலாம், ஆனால் சிறிய தாடையும் குறுகிய வாயும் உள்ள பிள்ளைக்குச் சுவாசக் குழாய் பொருத்துவது கடினமாகலாம் என்றும், எச்சில் தேங்குவதால் புரையேறும் ஆபத்து கூடுதல் என்றும், ஆகவே குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும் தீவிர சிகிச்சை வசதியும் உள்ள பெரிய மருத்துவமனையில் மட்டுமே அதை யோசிக்க வேண்டும் என்றும் விளக்கினார். நாங்கள் சின்னச் சின்ன அமர்வுகளைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு முறைக்கு இருபது நிமிடம், எப்போதும் காலை வேளை, எப்போதும் முதல் நோயாளி. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதால் விடிகாலையிலேயே பேருந்து ஏறிவிடுவோம்.

நாற்காலியை அவளுக்காக முழுதாகச் சாய்ப்பதில்லை. மல்லாந்து படுத்தால் தண்ணீரும் எச்சிலும் தொண்டைக்குப் போய்விடும். பாதி சாய்ந்த நிலையில், உறிஞ்சு குழாயை உதவியாளர் எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பல்லைச் சுற்றி ரப்பர் திரை போட்டால் துகள்கள் தொண்டைக்குள் விழாது. ஆனால் மூக்கு அடைத்திருக்கும் நாளில் அந்தத் திரையைப் போட்டால் பிள்ளை திணறிப்போகும். சளி இருந்தால் தேதியை மாற்றிவிடுவோம். வாயைத் திறந்தே வைத்திருக்க ஒரு ரப்பர் கட்டையைப் பக்கவாட்டில் வைப்பார்கள், அதிலும் மிகச் சிறிய அளவுதான் இவளுக்குச் சேரும். உதட்டோரங்களில் முன்பே வாசலின் தடவிவிட்டால், வாய்க்குள் விடும் கண்ணாடியும் கருவியும் இழுக்கும்போது வெடிப்பதில்லை. ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் சோறு கூடாது. மரத்த உதட்டைக் கடித்துக்கொண்டால் அது அவள் முகத்திலும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

கண்ணைப் பற்றிப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். இமை முழுதாக மூடாத பிள்ளையின் மேல் அத்தனை வெளிச்சமுள்ள விளக்கு; குடையும் கருவியிலிருந்து தெறிக்கும் நீரும் துகளும். நமக்கென்றால் அனிச்சையாக இமை மூடிக்கொள்ளும். முந்தைய ஓரிடத்தில் அப்படித் தெறித்து, ஒரு வாரம் கண் சிவந்து கிடந்து, கண் மருத்துவரிடம் அலைந்தோம். இப்போது உட்காரும் முன் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து விட்டு, பக்கங்களையும் மூடிய கண்ணாடி அணிவிக்கிறோம். அந்தக் கண்ணாடி எங்களுடையது. பையில் எப்போதும் இருக்கும். கண்மணி பக்கவாட்டில் திரும்பாது என்பதால், அவளிடம் எதையாவது காட்டுவதாக இருந்தால் நேர் எதிரே காட்ட வேண்டும். ஓரத்தில் காட்டிவிட்டு, பார்க்க மறுக்கிறாள் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

ஆறு வயதையொட்டி, பால்பல் எதுவும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். பலர் அதையும் பால்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் ஒன்று பாதி கெட்டது. மற்ற மூன்றுக்கும் குழிகளை அடைக்கும் பூச்சு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோரைடு வார்னிஷும் தடவி வருகிறார்கள். சிறப்பு நிபுணரைத் தேடி வெகுதூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு தகவல்: பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான அரசின் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதியும் கொடுக்கும். டெல்டாக்காரர்களுக்குச் சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வழியாக ரயிலிலேயே போய்விடலாம்.

முன்பற்களைக் காப்பதில் நான் காட்டும் பிடிவாதம் அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு உதடுகளும் பொருந்தினால்தான் பகரமும் மகரமும் பிறக்கும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவள் நான். என் மகளின் உதடுகள் பொருந்தா. அவள் 'அம்மா' என்று சொன்னதில்லை. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர், நாக்கின் நுனியை மேல் முன்பற்களில் வைத்து அந்த ஒலிக்கு நெருக்கமான ஒன்றை எழுப்பக் கற்றுக்கொடுத்தார். ஐந்து வயதில் ஒரு மாலை, கொல்லைப்புறத்திலிருந்து 'அந்நா' என்று கூப்பிட்டாள். எனக்கு அது அம்மாவாகவே கேட்டது. அவளுடைய பேச்சில் உதடுகளின் வேலையை மேல் முன்பற்கள்தாம் செய்கின்றன. அவற்றில் ஒன்று போனாலும் சொற்கள் சிதையும். பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைத்த அந்த ஓராண்டில் வகுப்பில் எவருக்கும் அவள் பேச்சு விளங்காமல், அவள் பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தாள்.

இப்போது பல் வரிசையைச் சீராக்கக் கம்பி போடலாமா என்ற பேச்சு நடக்கிறது. மேலும் கீழும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்திருக்கின்றன. கம்பி போட்டால் அசையாத கன்னத்தில் உணவு இன்னும் அதிகமாகச் சிக்கும், உட்கன்னம் உரசிப் புண்ணாகும் என்பதால் அவசரப்படவில்லை. சிரிப்பு அறுவை சிகிச்சை பற்றியும் கேட்டறிந்தோம். டொரொண்டோவின் ரொனால்ட் சக்கர் போன்ற அறுவை மருத்துவர்கள் செம்மைப்படுத்திய முறை அது. தொடையிலிருந்து ஒரு சிறு தசையை எடுத்துக் கன்னத்தில் வைத்து, மெல்லும் தசைக்குப் போகும் நரம்போடு இணைப்பார்கள். பல்லைக் கடித்தால் உதட்டோரம் மேலே ஏறும். அப்படிச் செய்துகொள்வதானால் கடிப்பதற்குக் கடைவாய்ப்பற்கள் நலமாக இருக்க வேண்டும், வாயில் எந்தத் தொற்றும் இருக்கக் கூடாது. செய்துகொள்வதா வேண்டாமா என்பதை அவளே பதினெட்டு வயதில் முடிவு செய்துகொள்ளட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அந்த முடிவு எதுவானாலும் அதற்கேற்ற பற்களோடு அவளை அந்த வயதுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை.

சென்ற ஐப்பசியில் எங்கள் மருத்துவர் விடுப்பில் இருந்ததால், அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் வார்னிஷ் தடவ வந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, வழக்கப்படி, "எங்க, கொஞ்சம் சிரி பாப்பா, பல்லைப் பார்ப்போம்" என்றார். நான் வாய் திறக்கும் முன் மகள் தன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இடக்கையை வயிற்றின் மேல் வைத்தாள். ஒவ்வொரு விரலாக நீட்டி, அவளுடைய மொழியில், மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். அவருக்குப் பாதி விளங்கவில்லை. "மறுபடி சொல்லும்மா" என்று கேட்டு, முகக் கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, குனிந்து காது கொடுத்தார். அவள் இரண்டாம் முறை சொன்னாள். அவர் தம் இடக்கையைத் தூக்கிக் காட்டி, "இப்படித் தூக்கினா நான் நிறுத்தணும், சரியா?" என்றார். அவள் தலையசைத்தாள். பிறகு தானாகவே பின்னால் சாய்ந்து வாயைத் திறந்தாள்.